விமானங்களை எண்ணும்போது கேப்டன்களையும் எண்ணுங்கள்

நம் நிறுவனத்தின் தலைமை நிர்வாக அதிகாரிக்கும், விமான இயக்கப் பிரிவின் தலைவருக்கும், வழித்தடங்களைத் திட்டமிடும் அலுவலர்களுக்கும்,

சென்ற வாரம் நீங்கள் இரண்டு அறிவிப்புகளை வெளியிட்டீர்கள். முதலாவது பத்திரிகையாளர்களுக்கு. புதிய விமானங்கள், புதிய வெளிநாட்டு நகரங்கள், மேடையில் ஒரு பெரிய உலக வரைபடம், அதில் இந்தியாவிலிருந்து நாலாபக்கமும் வளைந்து போகும் கோடுகள். மறுநாள் இரவு விமானிகளான எங்கள் மின்னஞ்சலுக்கு இரண்டாவது வந்தது. அதில் வரைபடம் இல்லை, மூன்று முடிவுகள்தான் இருந்தன. புதிதாக வரும் வைட் பாடி விமானங்களுக்கு, அதாவது இரண்டு நடைபாதை கொண்ட பெரிய விமானங்களுக்கு, டெல்லியையோ மும்பையையோ பேஸாக, அதாவது பணி தொடங்கும் ஊராகக் கொண்ட விமானிகள் மட்டும் விண்ணப்பிக்கலாம். அவை வந்து சேரும்வரை தொலைதூர வழித்தடங்களை, வெளிநாட்டு நிறுவனம் ஒன்றிடமிருந்து விமானத்தையும் அதன் விமானிகளையும் சேர்த்தே குத்தகைக்கு எடுத்து ஓட்டப்போகிறீர்கள். வரும் குளிர்கால அட்டவணை முதல், சென்னையிலிருந்து வளைகுடாவுக்குப் போகும் இரவு விமானங்களில் லேஓவர், அதாவது போன ஊரில் தங்கி ஓய்வெடுப்பது, கிடையாது. கொண்டுபோகிறவர்களே இரவோடு இரவாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

இந்த மூன்றையும் பேசாமல் ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை. சென்னை பேஸில் கேப்டனாகவும், புதியவர்களுக்கு லைன் டிரெய்னிங், அதாவது வழக்கமான பறப்புகளிலேயே பயிற்சி, கொடுப்பவனாகவும் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், அது போதும். இதை உள்ளுக்குள்ளேயே பேசியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பேசினோம். பேஸ் கூட்டத்தில் கேட்டோம், சோர்வு அறிக்கைகளில் எழுதினோம். 'தங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது' என்று தானாக வரும் ஒரு பதிலைத் தவிர எதுவும் வரவில்லை. பின்னால் உட்கார்ந்து வரும் பயணிகளுக்கும் இதில் பங்கு உண்டு என்பதால் அவர்களும் படிக்கட்டும் என்று திறந்த மடலாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நிறுவனம் வளர்வதை எந்த விமானியும் எதிர்க்க மாட்டார். 2012இல் கிங்ஃபிஷரும் 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸும் நின்றுபோனதைப் பார்த்த தலைமுறை நாங்கள். சம்பள பாக்கியோடு வீட்டில் உட்கார்ந்த நண்பர்களும், வேறு வகை விமானத்தை ஓட்டும் தகுதியான டைப் ரேட்டிங் எடுக்கப் பணம் இல்லாமல் தொழிலையே விட்டவர்களும் எங்களிடையே உண்டு. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் திவால் மனு கொடுத்தபோதும் அதே கதைதான். விமானம் வருகிறது என்றால் அது எங்களுக்கு நல்ல செய்தி. வலது இருக்கையில் இருக்கும் துணை விமானி கேப்டனின் இடது இருக்கைக்கு வருவார், இரண்டு வருடமாக வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைக்கு அழைப்பு வரும். உரிமம் வாங்கவும் டைப் ரேட்டிங் எடுக்கவும் ஊரில் நிலத்தை அடகு வைத்த குடும்பங்கள் எனக்கே தெரியும்.

நம் போட்டியாளர்கள் 2023இல் என்ன செய்தார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்களை அறிவித்தது. ஜூனில் இண்டிகோ ஒரே ஆர்டரில் 500 வாங்கியது. நீங்களும் சும்மா இருக்க முடியாது, சரி. ஆனால் ஆர்டர் கொடுத்த அன்றே விமானத்துக்கு ஒரு டெலிவரி தேதி எழுதப்படுகிறது. அதை ஓட்டப்போகும் கேப்டனுக்கு அப்படி ஒரு தேதியை யாரும் எழுதுவதில்லை.

கணக்கு எளிதானதுதான். உள்நாட்டில் ஓடும் ஒற்றை நடைபாதை விமானம் ஒன்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு விமானிகள் வேண்டும் என்று எங்கள் தொழிலில் தோராயமாகச் சொல்வார்கள். தொலைதூர வைட் பாடி என்றால் ஒரு பயணத்துக்கே மூன்று பேரோ நான்கு பேரோ ஏற வேண்டும். தேவை இரண்டு மடங்குக்கும் மேலே போகும். இதில் பாதிப் பேர் கேப்டன்கள். 200 மணி நேரம் பறந்து வணிக விமானி உரிமம் வாங்கியவரைச் சில மாதங்களில் ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை விமானி ஆக்கிவிடலாம். கேப்டனை அப்படி ஆக்க முடியாது. 1,500 மணி நேரம் என்பது மேல்நிலை உரிமத்துக்கான குறைந்தபட்சத் தகுதி, அவ்வளவுதான். மழையில், இரவில், எரிபொருள் குறையும்போது, பக்கத்தில் அனுபவமில்லாத ஒருவரை வைத்துக்கொண்டு முடிவெடுக்கும் பக்குவம் வர ஆண்டுகள் ஆகும். அந்தப் பக்குவத்தைக் கற்றுக்கொடுக்கும் டிரெய்னர்கள் அதைவிடக் குறைவு. ஒவ்வொரு புதிய விமானமும் வரும்போது எங்கள் பணிப் பட்டியலான ரோஸ்டரில் பயிற்சிப் பறப்புகள் கூடுகின்றன, டிரெய்னர்களின் வழக்கமான பறப்புகள் மற்ற கேப்டன்கள் தலையில் விழுகின்றன. இது உங்கள் பத்திரிகைக் குறிப்பில் வராத வளர்ச்சி.

இப்போது கோழிக்கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த மடலுக்கு முக்கிய காரணமே அதுதான்.

2020 ஆகஸ்ட் 7. துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் கொட்டும் மழையில், பின்காற்றோடு இறங்கி, மேட்டு ஓடுபாதையைத் தாண்டிக் கீழே விழுந்தது. இரண்டு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள். விமானி ஓடுபாதையில் வெகுதூரம் தள்ளித் தரைதொட்டார், திரும்ப மேலே ஏறியிருக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அடுத்த ஆண்டு வெளிவந்த விசாரணை அறிக்கை இன்னொன்றையும் சொன்னது. மறுநாள் காலை கோழிக்கோட்டிலிருந்து கிளம்ப வேண்டிய விமானத்துக்கும் அவர்தான் கேப்டன். வேறு ஊருக்குத் திருப்பிவிட்டால் அந்தப் பறப்பு தடுமாறும். எப்படியாவது இங்கேயே இறங்கிவிட வேண்டும் என்ற உந்துதல் அவர் முடிவுகளில் இருந்தது என்று அறிக்கை எழுதியது. அந்த பேஸில் போதிய கேப்டன்கள் இல்லாததற்குக் காரணம் தவறான பணியமர்த்தல் கொள்கை என்றும் எழுதியது. அப்போது கோழிக்கோடு பேஸில் இருந்தவர்கள் 26 ஃபர்ஸ்ட் ஆபீசர்கள், 1 கேப்டன்.

இருபத்தாறுக்கு ஒன்று. நிறுவனம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் அந்த விகிதம் இப்படி இருந்திருக்காது. மொத்தக் கணக்கில் கேப்டன்கள் போதுமான அளவில் தெரிந்திருப்பார்கள், தலைமை அலுவலகத்தின் அட்டவணையில் எல்லாக் கட்டமும் பச்சையாகவே இருந்திருக்கும். பேஸ் வாரியாகப் பார்த்தவர்களுக்கு மட்டுமே ஓட்டை தெரிந்திருக்கும். எத்தனை விமானி இருக்கிறார்கள் என்று நாங்கள் கேட்கும்போதெல்லாம் நீங்கள் சொல்வது மொத்தக் கணக்கைத்தான். 'நிறுவன அளவில் போதுமான எண்ணிக்கை உள்ளது' என்கிறீர்கள். கோழிக்கோட்டைப் படித்த பிறகு அந்த வாக்கியம் என் காதில் விழும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. சென்னையில் அவசர அழைப்புக்குத் தயாராக ஸ்டாண்ட்பையில் இருக்கும் கேப்டனை மாலையில் அழைத்து, பயணியாக ஏற்றிக் கொச்சிக்கு அனுப்பி, அங்கிருந்து இரவு விமானத்தை ஓட்டச் சொல்வது இன்று எங்களுக்குச் சாதாரணம். அதற்குப் பிறகு சென்னையில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஆள் இல்லை. அன்றிரவு ரோஸ்டர் அலுவலகத்திலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளின் தொனியே வேறாக இருக்கும். 'சார், கொஞ்சம் பாருங்க சார்.' அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பாவம், அவர்களுக்கும் வேறு வழி இல்லை.

அடுத்தது வளைகுடா இரவுகள்.

2024 ஜனவரியில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ வெளியிட்ட புதிய பணிநேர விதிகள் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பது தெரியும். வாராந்தர ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது. இரவு என்பது காலை 5 மணி வரை என்றிருந்தது 6 மணி வரை நீண்டது. இரவில் ஆறு முறை வரை தரையிறங்கலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. இரவைத் தொடும் பணிக்குப் பறப்பு நேரம் 8 மணி, மொத்தப் பணிநேரம் 10 மணி என்று உச்சவரம்பு வந்தது. விமான நிறுவனங்கள் எதிர்த்தன, தள்ளிப்போனது, விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது, கடைசியில் 2025 ஜூலை, நவம்பர் என இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. அறிவித்த நாளுக்கும் முழுதாக அமலான நாளுக்கும் இடையில் ஏறக்குறைய இரண்டு வருடம். ஆள் எடுக்க அது போதாதா?

போதவில்லை என்பதை 2025 டிசம்பர் முதல் வாரத்தில் நாடே பார்த்தது. இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது, விமான நிலையங்களில் பெட்டிகள் மலையாகக் குவிந்தன, டிஜிசிஏ அந்த நிறுவனத்துக்குச் சில விதிகளைத் தற்காலிகமாகத் தளர்த்தியது. தங்கை கல்யாணத்துக்குப் போக முடியாமல் தவித்த பயணிகளின் கோபம் நியாயமானது. ஆனால் அந்த வாரம் தொலைக்காட்சியில் பேசிய சிலர், ஏதோ விமானிகள் தூங்க ஆசைப்பட்டதால் வந்த வினை என்பதுபோலப் பேசினார்கள். பஸ் வாங்கிவிட்டு டிரைவரைத் தேடுகிறவரிடம் கேட்க வேண்டிய கேள்வியை டிரைவரிடம் கேட்டார்கள்.

அந்தப் பாடத்துக்குப் பிறகும் நம் குளிர்கால அட்டவணை எப்படித் தயாராகிறது என்று பாருங்கள். சென்னையில் இரவு 9.40க்குக் கிளம்ப வேண்டும், 8.40க்குப் பணிக்கு வந்துவிட வேண்டும். துபாய் போய்ச் சேரும்போது நம் நேரம் 1.50. ஒரு மணி நேரம் தரையில். 2.50க்குக் கிளம்பிக் காலை 6.35க்கு மீனம்பாக்கம். பறப்பு 7 மணி 55 நிமிடம். பணிநேரம் 9 மணி 55 நிமிடம். விதியின் விளிம்புக்கு ஐந்து நிமிடம் இந்தப் பக்கம். தாளில் சுத்தமாக இருக்கிறது, கணினி ஏற்றுக்கொள்கிறது.

ஆனால் டிசம்பர், ஜனவரியில் மேற்கே போகும்போது முகத்தில் அடிக்கும் எதிர்காற்று இந்த ஐந்து நிமிடத்தைக் கிளம்பிய ஒரு மணி நேரத்திலேயே தின்றுவிடும். துபாயில் இறங்க வரிசையில் நிறுத்தினால் இன்னும் கால் மணி. திரும்பி வரும்போது மார்கழிப் பனி. போகிப் பண்டிகை அன்று காலை மீனம்பாக்கத்தில் புகையும் பனியும் சேர்ந்து ஓடுபாதையே தெரியாமல் போகும் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. விமானங்களைப் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் திருப்பிவிட்டிருக்கிறோம். அந்த நேரத்தில் எங்களிடம் இருப்பது கமாண்டரின் விருப்புரிமை என்ற ஒன்று. எதிர்பாராத நிலைமை வந்தால் கேப்டன் தன் பணிநேரத்தைக் குறிப்பிட்ட அளவு நீட்டிக்கலாம். சரிதான். எதிர்பாராதது என்றால். ஒவ்வொரு குளிர்காலமும் வரும் எதிர்காற்று எந்த வகையில் எதிர்பாராதது? போன வருடத்தின் உண்மையான பறப்பு நேரங்கள் எல்லாம் உங்கள் கணினியிலேயே இருக்கின்றன. அவற்றை எடுத்துப் போட்டால் இந்தப் பறப்பு 8 மணிக்குள் அடங்காது என்று தெரிந்துவிடும். அதனால்தான் எடுத்துப் போடவில்லை என்று சந்தேகப்படுகிறேன்.

துபாயில் தரையில் நிற்கும் நேரமும் திரும்பும் பறப்பும் சேர்ந்து அதிகாலை 2 முதல் 6 வரையிலான நேரத்தை முழுதாக விழுங்குகின்றன. மனித உடம்பு மிகவும் தளர்ந்திருக்கும் நேரம் அதுதான் என்று விமான மருத்துவம் சொல்கிறது, விதிகளும் அதை ஏற்றுக்கொண்டே எழுதப்பட்டிருக்கின்றன. 2010 மே 22 அன்று மங்களூரில் 158 பேர் இறந்த விபத்தும் துபாயிலிருந்து இரவில் திரும்பிய விமானம்தான். பறப்பின் பெரும்பகுதியில் கேப்டன் தூங்கியிருந்தார், விழித்தெழுந்த பிறகும் தெளிவு வரவில்லை என்று விசாரணை மன்றம் கண்டது. அவரும் அனுபவசாலிதான்.

இரவு முழுவதும் பறக்கவே கூடாது என்று யாரும் கேட்கவில்லை. அங்கே ஓர் அறை கொடுங்கள், தூங்கிவிட்டு மறுநாள் ஓட்டி வருகிறோம், அவ்வளவுதான். நேற்றுவரை அப்படித்தான் நடந்தது. அந்த ஹோட்டல் செலவை மிச்சப்படுத்தியதை உங்கள் காலாண்டு அறிக்கையில் 'விமானிகளின் செயல்திறன் உயர்வு' என்று காட்டப்போகிறீர்கள்.

அப்புறம், வழித்தடங்களின் பன்முகம். இதைப் பற்றி விமானிகள் பேசினாலே, ஊர் சுற்ற ஆசைப்படுகிறார்கள், டாலர் படிக்கு அலைகிறார்கள் என்ற சிரிப்பு அலுவலகத்தில் எழுகிறது. படி முக்கியமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நாங்கள் கேட்பதன் காரணம் வேறு.

மாலத்தீவின் மாலேக்குப் போகும் விமானி எரிபொருளைப் பற்றி வேறு மாதிரி யோசிக்கக் கற்றுக்கொள்கிறார். சுற்றிலும் கடல், ஓடுபாதையே ஒரு தீவு. மழை வந்து இறங்க முடியாவிட்டால் கொழும்புக்கோ திருவனந்தபுரத்துக்கோ போக வேண்டும். எப்போது முடிவெடுப்பது என்பதைப் புத்தகம் பாதிதான் சொல்லும். சிங்கப்பூருக்கு அதிகாலையில் போகிறவர் சுமத்ரா பக்கமிருந்து வரிசையாக வரும் புயல்மேகங்களைப் பார்க்கிறார், கூடவே நெரிசலான வான்வெளியில் கட்டளைகளைத் துல்லியமாகக் கேட்டு நடக்கப் பழகுகிறார். வங்கக் கடலைக் கடக்கும்போது வழக்கமான ரேடியோ எட்டாது, வேறு முறையில் பேச வேண்டும். காட்மாண்டு 1,300 மீட்டருக்கும் மேல் உயரத்தில், மலைகளுக்கு நடுவே ஒரு கிண்ணத்தில் இருக்கிறது, அதற்குத் தனிப் பயிற்சியே உண்டு. மேற்காசிய வான்வெளியில் 2023 கடைசியிலிருந்து ஜிபிஎஸ் சமிக்ஞையைக் குழப்பும் வேலை நடக்கிறது. விமானம் தான் இல்லாத இடத்தில் இருப்பதாகத் திரையில் காட்டும். டிஜிசிஏவே அதற்கு வழிகாட்டுதல் கொடுத்தது. அந்தத் திரையை நம்பாமல் இருக்கக் கற்றுக்கொள்வதற்கு ஒருமுறையாவது அதை நேரில் பார்த்திருக்க வேண்டும். சிமுலேட்டரில் பார்ப்பது வேறு.

என்னோடு பறக்கும் இளம் ஃபர்ஸ்ட் ஆபீசர்கள் பலர் திரும்பத் திரும்பச் சென்னை–டெல்லி–சென்னை, சென்னை–மும்பை–சென்னை என்றே ஓட்டுகிறார்கள். கைகள் சுத்தமாக வேலை செய்கின்றன. நடைமுறையில் ஒரு பிசகும் இல்லை. ஆனால் வழக்கத்துக்கு மாறாக ஏதாவது ஒன்று வந்தால், அவர்களின் கண் என் பக்கம் திரும்பும் வேகத்தைப் பார்க்கிறேன். அவர்களைத்தான் இன்னும் சில வருடங்களில் நீங்கள் கேப்டன் ஆக்கப்போகிறீர்கள். வேறு வழியும் இல்லை, அத்தனை விமானம் வருகிறதே. பலதரப்பட்ட வழித்தடங்களில் பறந்தவர்களைக் கேப்டன் ஆக்கினால் அது வளர்ச்சி. ஒரே தடத்தில் மணி நேரத்தை மட்டும் சேர்த்தவர்களை ஆக்கினால் அது எண்ணிக்கை.

இந்த நிலையில்தான் குத்தகை விமானம் வருகிறது. வெளிநாட்டு விமானிகள் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. டிஜிசிஏ அனுமதி வாங்கி முறையாகத்தான் வருகிறார்கள், பலர் என்னைவிட அனுபவம் உள்ளவர்கள். ஆனால் உலக வரைபடத்தில் நீங்கள் காட்டிய மிக நீளமான கோடுகள் எல்லாம் அவர்கள் கையில் இருக்கின்றன. எங்கள் பெயர் எழுதிய விமானத்தில் எங்கள் விமானி ஒருவர்கூட இல்லை. எவ்வளவு காலத்துக்கு? சுற்றறிக்கையில் 'தற்காலிகமாக' என்று இருக்கிறது, தேதி இல்லை. எங்கள் ஆட்களுக்கு எப்போது பயிற்சி தொடங்கும் என்பதும் இல்லை. நடுவில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். வைட் பாடி ஓட்ட ஆசைப்படும் நல்ல கேப்டன்கள் துபாய்க்கும் தோஹாவுக்கும் போவார்கள். 2017இலிருந்து கேப்டனுக்கு ஒரு வருடம், ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு ஆறு மாதம் நோட்டீஸ் காலம் என்று விதி இருப்பதால் உடனே போக முடியாது. அந்த ஒரு வருடம் மனதளவில் போய்விட்டவராக இங்கே பறப்பார். அதன் பிறகு, விமானிகள் பற்றாக்குறை என்று நீங்கள் மறுபடியும் குத்தகைக்குப் போவீர்கள்.

வைட் பாடி ஏன் டெல்லியிலும் மும்பையிலும் மட்டும்? இணைப்புப் பயணிகள் அங்கேதான் அதிகம் என்று சொல்வீர்கள். விமானங்களை அங்கே வையுங்கள், அது வணிக முடிவு, அதில் தலையிட மாட்டேன். விண்ணப்பிக்கும் உரிமையை ஏன் அங்கே வைத்தீர்கள்? நிறுவனத்தின் சீனியாரிட்டி பட்டியல் ஒன்றுதான், பேஸுக்கு ஒன்று கிடையாது. பேஸ் மாறத் தயார் என்று எழுதிக் கொடுத்த சென்னை, கொச்சி, ஹைதராபாத் கேப்டன்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள், டெல்லியில் இருக்கிறார்கள் என்ற ஒரே காரணத்தால், அவர்களைத் தாண்டிப் போவதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

வணிகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, நான் அந்தத் துறைக்காரன் இல்லை என்றாலும். சென்னையிலிருந்து லண்டனுக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸும் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு லுஃப்தான்சாவும் நேராகப் போகின்றன. ஜெட் ஏர்வேஸ் இருந்தபோது சென்னையிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்கும், பின்னர் பாரிஸுக்கும் ஓட்டியது. பினாங்குக்கு நேரடி விமானம் வேண்டும் என்று தமிழர்கள் எத்தனை வருடம் கேட்டார்கள்! 2024 டிசம்பரில் இண்டிகோ தொடங்கியது. நாம் கணக்கு போட்டுக்கொண்டே இருந்தோம். திருச்சியில் உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகள் அதிகம், நம் வெளிநாட்டு வரைபடத்தில் திருச்சி எங்கே? 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் வான்வெளி மூடப்பட்ட பிறகு டெல்லியிலிருந்து மேற்கே போகும் நம் நாட்டு விமானங்கள் சுற்றிப் போகின்றன, எரிபொருள் கூடுகிறது, விமானிகளின் நேரமும் கூடுகிறது. தெற்கிலிருந்து அரபிக்கடலைக் கடந்து ஓமான் பக்கம் போகும் விமானத்துக்கு அந்தச் சுற்று இல்லை. இதையெல்லாம் யாராவது அங்கே மேசையில் வைத்தார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை.

என்ஜின் பிரச்சினையால் விமானங்கள் நின்றன, புதியவை தாமதமாகின்றன, இரு அரசுகளின் ஒப்பந்தப்படி துபாய்க்கு உள்ள வாரத்துக்குச் சுமார் 66,000 இருக்கை ஒதுக்கீடு நிரம்பிவிட்டது என்று நீங்கள் சொல்லும் காரணங்கள் உண்மைதான். இவற்றில் எதற்கும் நான் உங்களைக் குற்றம் சொல்லவில்லை. விமானம் தாமதமாக வருவது விமானியைத் தயார் செய்ய உங்களுக்குக் கிடைத்த கூடுதல் நேரம், அதை என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்கிறேன். வரும் 15–20 ஆண்டுகளில் நாட்டுக்கு 30,000 விமானிகள் தேவைப்படுவார்கள் என்று விமானப் போக்குவரத்து அமைச்சரே சொல்கிறார். அவர்களுக்கு யார் கற்றுக்கொடுப்பது?

ஆகவே, கீழே இருப்பவற்றைக் கேட்கிறேன். சென்னை பேஸின் பல கேப்டன்களும் ஃபர்ஸ்ட் ஆபீசர்களும் படித்து ஒப்புக்கொண்ட கோரிக்கைகள் இவை.

பேஸ் வாரியாக எத்தனை விமானம், எத்தனை கேப்டன், எத்தனை ஃபர்ஸ்ட் ஆபீசர், எத்தனை டிரெய்னர் என்ற பட்டியலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா விமானிகளுக்கும் வெளியிடுங்கள். ஸ்டாண்ட்பை உட்பட ஆள் கணக்கு நிறைவடையாத பேஸிலிருந்து புதிய வழித்தடத்துக்கு டிக்கெட் விற்பனையைத் தொடங்காதீர்கள். மற்றதையெல்லாம் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அதிகாலை 2 முதல் 6 வரையிலான நேரத்தைத் தொடும் வளைகுடா பறப்புகளில் லேஓவரைத் திரும்பக் கொடுங்கள். செலவு கட்டாது என்றால் புறப்படும் நேரத்தை மாற்றுங்கள். இரண்டில் எதைச் செய்தாலும், பறப்பு நேரத்தைக் கடந்த குளிர்காலத்தின் உண்மையான பதிவுகளை வைத்துத்தான் போட வேண்டும். ஒரு வழித்தடத்தில் கமாண்டரின் விருப்புரிமை அடிக்கடி பயன்படுகிறது என்றால் அந்த அட்டவணையை அந்த மாதமே திருத்துங்கள்.

வைட் பாடி விண்ணப்பத்தை எல்லா பேஸ்களுக்கும், ஒரே சீனியாரிட்டி பட்டியலின்படி திறந்துவிடுங்கள். இப்போது வந்திருக்கும் விண்ணப்பங்களை அதுவரை நிறுத்தி வையுங்கள்.

குத்தகை எந்தத் தேதியில் முடிகிறது என்பதையும், அதற்குள் நம் விமானிகளில் எத்தனை பேருக்கு வைட் பாடி பயிற்சி முடிந்திருக்கும் என்பதையும் எழுத்தில் கொடுங்கள்.

உள்நாட்டு, வெளிநாட்டுப் பறப்புகள் ஒவ்வொரு விமானிக்கும் கலந்து வரும்படி ரோஸ்டர் விதியை மாற்றுங்கள். கேப்டன் ஆவதற்கான கமாண்ட் பயிற்சிக்குப் போகும் முன் ஒரு ஃபர்ஸ்ட் ஆபீசர் மாலே, சிங்கப்பூர், வளைகுடா போன்ற வெவ்வேறு இயல்புள்ள தடங்களில் பறந்திருக்க வேண்டும் என்பதைத் தகுதியில் சேருங்கள்.

சோர்வு அறிக்கை கொடுப்பவருக்கு, பெயர் உள்ள ஓர் அதிகாரி பதினான்கு நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். அறிக்கை கொடுத்த நாளுக்குச் சம்பளப் பிடித்தம் கூடாது.

குளிர்கால அட்டவணை அக்டோபர் கடைசி ஞாயிறு தொடங்குகிறது. அதற்கு ஆறு வாரம் முன்பாவது, முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர்கள் சென்னைக்கு வந்து பேஸ் விமானிகளோடு உட்கார்ந்து இவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். காணொளிக் கூட்டம் வேண்டாம். அதில் நாங்கள் பேசும்போதுதான் உங்கள் பக்கம் இணைப்பு துண்டிக்கப்படுகிறது. எந்தத் தேதியில் வருகிறீர்கள் என்று சொன்னால் அன்றைக்குப் பறப்பு இல்லாதவர்கள் எல்லோரும் வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
சென்னை பேஸ் கேப்டன் ஒருவர்